வல்லாரையிடம் இவ்வளவு கேட்காதீர்கள்

ஜனவரி பிறந்ததும் எனக்கு வரும் கடிதங்களில் மூட்டுவலியும் முடி உதிர்வதும் பின்னால் போய், மறதி முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும். பொதுத்தேர்வுக்கு இன்னும் எட்டே வாரம். இந்தத் தடவை பிள்ளைகளுக்காக மட்டுமல்ல, தங்களுக்காகவும் பெற்றோருக்காகவும் பலர் எழுதியிருக்கிறார்கள். ஆகவே இந்த இதழ் முழுக்க மறதிக்கே. நாகர்கோவிலில் முப்பத்தைந்து வருஷமாக ஆயுர்வேதம் பார்க்கிறேன். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு மேலே ஏற்றிவைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுகிறவள்தான் நானும். அந்தத் தகுதியையும் சேர்த்துக்கொண்டே பதில் சொல்கிறேன்.

கேள்வி: மகள் பிளஸ் டூ படிக்கிறாள். விடிய விடியப் படித்தும் பரீட்சை ஹாலில் எல்லாம் மறந்துபோகிறது என்று அழுகிறாள். அரையாண்டில் வேதியியலில் 41. விளம்பரத்தில் வரும் பிரம்மி மாத்திரை, வல்லாரை லேகியம், இந்த இரண்டில் எதைக் கொடுக்கலாம்? மார்க் ஏறுமா?
— ஒரு தாய், அம்பாசமுத்திரம்

பதில்: முதலில் நாள் கணக்கைப் பார்ப்போம் அம்மா. பிரம்மி என்று விற்கிற நீர்பிரம்மி மூலிகையை மனிதர்களுக்குக் கொடுத்துச் செய்த ஆய்வுகள் இருக்கின்றன. தினம் 300 மில்லிகிராம் சாரம், 12 வாரம் என்பது அவற்றில் பலவும் வைத்துக்கொண்ட அளவு. அவ்வளவு நாள் சாப்பிட்ட பிறகு, கேட்ட சொற்களைக் கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்வதில் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. ஓரளவுதான். உங்கள் மகளுக்கு இருப்பது எட்டு வாரம். அதோடு, இந்த மூலிகை சிலருக்கு வயிற்றைப் பிசையும், பேதியாகும். பரீட்சை மாதத்தில் அதைப் புதிதாகத் தொடங்கி வயிற்றோடு சண்டை போடவேண்டுமா?

மூளைக்கு மருந்து விற்கிறவர்கள் எல்லோரும் ஆயுர்வேதத்தின் பழைய ஆசான் சரகரைத் துணைக்கு அழைப்பார்கள். அது பொய்யில்லை. அறிவை வளர்க்கும் ரசாயனங்கள், அதாவது உடம்பைத் தேற்றும் மருந்துகள், என்று நாலைச் சரகர் சொல்கிறார்: வல்லாரைச் சாறு, பாலில் அதிமதுரப் பொடி, சீந்தில் சாறு, சங்கபுஷ்பி விழுது. ஆனால் அதே சரகர், தன் நூலில் சரீரஸ்தானம் என்ற பகுதியின் முதல் அத்தியாயத்தில், நினைவு எதனால் வருகிறது என்று எட்டுக் காரணங்களை எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பக்கத்தை எந்த விளம்பரத்திலும் நான் பார்த்ததில்லை. ஒன்றின் காரணத்தை அறிவது, அதன் உருவத்தை உள்வாங்குவது, இன்னொன்றோடு ஒப்பிடுவது, வேறுபடுத்திப் பார்ப்பது, மனத்தை அதிலேயே நிறுத்துவது, பழகுவது, ஏற்கெனவே உள்ள அறிவோடு முடிச்சுப் போடுவது, திரும்பக் கேட்பது. எண்ணிப் பாருங்கள், எட்டில் ஒரு இலை இல்லை, ஒரு வேர் இல்லை.

1983-ல் நான் திருவனந்தபுரம் அரசு ஆயுர்வேதக் கல்லூரியில் சேர்ந்தபோது, அஷ்டாங்க ஹிருதயம் என்ற பழைய ஆயுர்வேத நூலைப் பார்த்து மிரண்டுபோனேன். 120 அத்தியாயம், ஏழாயிரத்துக்கு மேல் சுலோகம். எங்கள் ஆசிரியர் ஒருவர் வகுப்பில் புத்தகத்தைத் திறக்கவே விடமாட்டார். நேற்றைய சுலோகத்தைச் சொல்லு என்பார், அடுத்து முந்தாநாளுடையது, அப்புறம் போன வாரத்துடையது. பாதியில் முட்டிக்கொண்டு நின்றால் எடுத்துக்கொடுக்க மாட்டார், ஒரு நிமிஷம் தவிக்க விடுவார். அன்றைக்கு அவர்மேல் அவ்வளவு ஆத்திரம் வரும். தவித்துப் பிடித்த சுலோகங்கள் இன்றும் நாக்கில் இருக்கின்றன. ராத்திரி முழுக்க வாசித்து ஏற்றியவை பரீட்சை முடிந்த வாரமே போன இடம் தெரியவில்லை.

உங்கள் மகள் செய்வது இரண்டாவது வகை. புத்தகத்தை மூடிவிட்டு, அந்தப் பாடத்தில் நினைவிருப்பதை வெற்றுத்தாளில் எழுதச் சொல்லுங்கள். எழுத வராததை மட்டும் திறந்து பார்க்கட்டும். அதே பாடத்தை மூன்றாம் நாளும் பத்தாம் நாளும் இதேபோல் எழுதட்டும். முதல் தடவை பாதித் தாள் காலியாக இருக்கும், அழுவாள், பரவாயில்லை. அந்த அழுகை பரீட்சை ஹாலில் வராமல் வீட்டிலேயே வந்துபோகட்டும்.

அடுத்தது அந்த 'விடிய விடிய'. சரகர் அறிவையும் அறியாமையையும் தூக்கத்தின் கையில் கொடுத்திருக்கிறார். பகலில் படித்ததை மூளை கெட்டிப்படுத்துவது தூங்கும்போதுதான் என்று இன்றைய விஞ்ஞானமும் சொல்கிறது. பத்தரைக்கு விளக்கை அணையுங்கள். செல்போன் உங்கள் தலையணைக்கடியில் இருக்கட்டும், அவளுடையதற்கடியில் வேண்டாம்.

மூன்றாவது, ரத்தம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை. ரத்தசோகை உள்ள பிள்ளைக்குப் பத்து நிமிஷத்துக்கு மேல் மனம் நிற்காது, வாசித்த வரியையே மறுபடி வாசிப்பாள். நாம் அதை ஞாபகமறதி என்போம். ஹீமோகுளோபினைப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் வாரம் ஒருமுறை தருகிற அந்த நீல இரும்புச்சத்து மாத்திரையை விழுங்குகிறாளா, ஜன்னல் வழியாக எறிகிறாளா என்று நயமாகக் கேட்டுப் பாருங்கள். முருங்கைக்கீரை, எள்ளுருண்டை, பேரீச்சை, கூடவே ஒரு நெல்லிக்காய். நெல்லியின் புளிப்பு கீரையில் உள்ள இரும்பை உடம்பு இழுத்துக்கொள்ள உதவும். சாப்பாட்டோடு டீ குடித்தால் அது தடுத்துவிடும், ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கட்டும்.

வல்லாரையைத் துவையலாக வாரம் இரண்டு நாள் தாராளமாகக் கொடுங்கள். மாத்திரை வேண்டாம். 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளில் ஜே அட்டவணை என்று ஒன்று உண்டு, இன்னின்னதைக் குணப்படுத்துவதாக மருந்தின்மேல் எழுதக்கூடாது என்ற பட்டியல் அது. மூளைத் திறனைக் கூட்டுவதும் நினைவாற்றலைப் பெருக்குவதும் அதில் இருக்கின்றன. அடுத்த தடவை விளம்பரம் பார்க்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வெண்டைக்காய் சாப்பிட்டால் கணக்கு வருமா?
— மாணவன், விருதுநகர்

பதில்: எனக்கு வெண்டைக்காய் உயிர். பத்தாம் வகுப்பில் கணக்கில் நான் வாங்கியது 38. உன் அம்மா சமைத்ததைச் சாப்பிடு தம்பி, நல்ல காய்தான். கணக்கைத் தனியாகப் போட்டுப் பார்.

கேள்வி: நாங்கள் வல்லாரையைப் பச்சையாகவே சம்பல் போடுவோம். உங்கள் பக்கத்தில் வதக்கி அரைக்கிறார்கள். எது நல்லது? புளி சேர்க்கக்கூடாது என்று அம்மம்மா சொல்லுவா. கடையில் பிரம்மி என்று கேட்டால் சிலர் வல்லாரைப் பொடியைத் தருகிறார்கள், சிலர் வேறொன்றைத் தருகிறார்கள். இரண்டும் ஒன்றா?
— வாசகி, சாவகச்சேரி

பதில்: கடைசிக் கேள்வியில் தொடங்குகிறேன் தங்கச்சி, இந்தக் குழப்பம் எங்கள் தொழிலுக்குள்ளேயே உண்டு. வல்லாரை தரையோடு படரும். நீளக் காம்பின் நுனியில் வட்டமாக, ஓரம் பல்பல்லாக, தவளைப் பாதம் மாதிரி இலை. சமஸ்கிருதத்தில் மண்டூகபர்ணி, அதாவது தவளை இலை. மலையாளத்தில் முத்தில், குடங்கல் என்பார்கள். நீர்பிரம்மி வேறு குடும்பம். சதுப்பில் வளரும், இலை சின்னதாக, தடித்து, கரண்டி மாதிரி இருக்கும், பூ வெளிறிய நிறம், கசப்பு தொண்டைவரை இறங்கும். கேரளத்தில் பிரம்மி என்றால் இந்தக் கசப்பன்தான். வடக்கே உத்தரப்பிரதேசப் பக்கம் பிரம்மி என்று கேட்டால் வல்லாரையைக் கொடுப்பார்கள். திருவனந்தபுரத்தில் படித்துவிட்டு ஒரு வடநாட்டுக் கம்பெனிப் பொடியை முதன்முதலாக வாய்க்குள் போட்டபோது, கசப்பே இல்லையே என்று போலி மருந்தாக நினைத்து ஒரு பெட்டியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். போலியில்லை, அது அவர்கள் ஊர் பிரம்மி. நீங்கள் வாங்கும்போது பேரை நம்பாமல், பெட்டியில் தாவரப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

சம்பலா துவையலா என்பது மருத்துவக் கேள்வி இல்லை, அம்மம்மாவுக்கும் என் பாட்டிக்கும் இடையிலான வழக்கு. இலையைப் பொடிப்பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூ, பச்சை மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு போட்டுப் பிசைந்து தேசிக்காய் (எங்கள் எலுமிச்சை) பிழிந்து உண்ணும் உங்கள் சம்பலை ஒரு யாழ்ப்பாணத்துத் தோழி வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினேன். என் பாட்டி உளுந்தையும் வற்றலையும் நல்லெண்ணெயில் சிவக்க வறுத்து, இலையைச் சட்டிச் சூட்டிலேயே ஒரு புரட்டுப் புரட்டி, தேங்காயும் உள்ளியும் வைத்து அம்மியில் அரைப்பாள். உள்ளி என்றால் எங்களுக்குச் சின்ன வெங்காயம். புளிக்குப் பதில் ஒரு நெல்லிக்காய். இலை வதங்கக்கூடாது, சோர்ந்தால் போதும் என்பாள்.

பச்சையாக உண்பதில் ஒரே கவலை, அந்த இலை எங்கே முளைத்தது என்பது. வல்லாரையும் நீர்பிரம்மியும் ஈரத்தில் வளர்பவை. நிற்கிற தண்ணீரில் ஈயம், காட்மியம் இருந்தால் அதையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். சாக்கடை ஓரத்தில் செழித்த வல்லாரை பார்க்கப் பளபளவென்றுதான் இருக்கும். எங்கள் வடசேரிச் சந்தையில் கீரை விற்கும் அம்மாவிடம் 'எந்தக் குளத்து வல்லாரை?' என்று கேட்டால் முறைப்பாள், நான் விடுவதில்லை. சொந்த வளவில் வளர்ந்ததென்றால் பச்சையாகவே சாப்பிடுங்கள். சந்தையில் வாங்கியதை ஓடுகிற தண்ணீரில் நாலைந்து தடவை அலசிச் சூடு காட்டிவிடுங்கள். அது புழு பூச்சிக்கு உதவும், ஈயத்துக்கு உதவாது.

புளி விலக்கு மருந்தாக ஒரு மண்டலம் உண்பவர்களுக்கான பத்தியம். வாரத்துக்கு ஒருநாள் சம்பலுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆனாலும் அம்மம்மா சொல்லைத் தட்டவேண்டாம், தேசிக்காயே ருசி. 'வல்லாரை உண்டோரிடம் மல்லாடாதே' என்று பழமொழி சொல்லிக்கொண்டு தினம் ஒரு கட்டுக் கீரையை அரைத்துக் குடிப்பவர்களும் இருக்கிறார்கள். அளவு மீறினால் தலைவலி, மயக்கம் வரும். மாத்திரையாக நாள்கணக்கில் எடுத்துக் கல்லீரல் வீங்கியவர்களும் அபூர்வமாக உண்டு. ஒரு கைப்பிடி இலை போதும்.

கேள்வி: எட்டு வயது மகன் வலிப்புக்கு ஃபெனிடாயின் சாப்பிடுகிறான். படிப்பில் கவனமில்லை. சங்கபுஷ்பி சிரப் மூலிகைதானே, தொந்தரவில்லை என்று கடைக்காரர் சொல்கிறார். கொடுக்கலாமா?
— ஒரு தந்தை, தூத்துக்குடி

பதில்: கொடுக்காதீர்கள். கொடுக்கத் தொடங்கியிருந்தால் இன்றைக்கே நரம்பியல் டாக்டரிடம் சொல்லுங்கள். ஃபெனிடாயினில் வலிப்பு அடங்கியிருந்தவர்களுக்குச் சங்கபுஷ்பி மருந்து கொடுத்தபோது, ரத்தத்தில் ஃபெனிடாயின் அளவு இறங்கி மறுபடி வலிப்பு வந்ததை நம் நாட்டு மருத்துவர்களே கவனித்து, எலிகளிலும் சோதித்துப் பார்த்து 1992-ல் வெளியிட்டிருக்கிறார்கள். மூலிகையில் ஒன்றுமில்லையென்றால் இப்படி நடக்காது. அதில் சத்து இருப்பதால்தான் இந்த ஆபத்தும்.

இன்னொன்று. சங்கபுஷ்பி என்ற ஒரே பேரில் வடக்கே ஒரு செடியையும், கேரளத்தில் நம் வேலியில் நீலமாகப் பூக்கிற சங்குப்பூவையும் வைத்தியர்கள் கையாள்கிறார்கள், விஷ்ணுக்கிராந்தியையும் அந்தப் பேரில் விற்பதுண்டு. குப்பிக்குள் எது என்று கடைக்காரருக்கே தெரிந்திருக்காது. பையனின் கவனக்குறைவைப் பற்றி வலிப்பு டாக்டரிடமே கேளுங்கள். மாத்திரையின் அளவோ வகையோகூடக் காரணமாக இருக்கலாம், மாற்றுவது அவர் வேலை.

கேள்வி: வயது 67, ஓய்வுபெற்ற ஆசிரியர். பழைய மாணவர்கள் பேர் வாயில் வரமாட்டேன் என்கிறது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் 11 வருஷமாக, நெஞ்செரிச்சலுக்கு ஒரு மாத்திரை, ரத்த அழுத்தத்துக்கு ஒன்று. அதிமதுரத்தைப் பாலில் கலந்து குடித்தால் மூளை துலங்கும் என்று யூடியூபில் ஒருவர் சொன்னார். குடிக்கலாமா?
— வாசகர், கோவில்பட்டி

பதில்: அதிமதுரம் வேண்டாம் ஐயா. தொண்டைக்கு ஒரு துண்டை ஒருநாள் மெல்வது வேறு, தினம் பாலில் கலந்து மாதக்கணக்கில் குடிப்பது வேறு. அது உப்பை உடம்பில் தங்கவைத்து ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். சரகர் சொன்னதுதான், ஆனால் அவர் உங்கள் பிரஷர் சீட்டைப் பார்க்கவில்லை.

உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் மெட்ஃபார்மின் 11 வருஷம். பல வருஷங்களுக்கு முன்னால் உங்களைப் போலவே ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் என்னிடம் வந்தார். பேர் மறக்கிறது, சோர்வு, பேச்சில் சுரத்தில்லை. பிராமி கிருதம் என்ற பிரம்மி நெய்யும், சாரஸ்வதாரிஷ்டம் என்ற மூலிகை அரிஷ்டமும் கொடுத்தேன். பாதம் மரத்துப்போகிறது என்றார். சர்க்கரைக்காரருக்கு மரத்துத்தானே போகும் என்று விட்டுவிட்டேன். நாலு மாதம் போனது. ஒருநாள் அவர் மகள் மட்டும் வந்தாள். பி12 அளவு 112 என்று போட்ட லேப் சீட்டை என் மேஜையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். 200-க்குக் கீழே போனாலே குறைபாடு. வேறொரு டாக்டர் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. ஊசி போடத் தொடங்கி மூன்று மாதத்தில் மனிதர் தினசரியில் வந்த தலையங்கத்தைப் பற்றி என்னோடு வாதாடினார். கால் மரப்பு மட்டும் முழுதாகப் போகவில்லை. அந்த நாலு மாதத்தை நான் வீணாக்காமல் இருந்திருந்தால் அதுவும் போயிருக்குமோ என்று இப்போதும் நினைப்பேன்.

மெட்ஃபார்மின் வருஷக்கணக்கில் போனால் பி12 உடம்பில் சேர்வதைக் குறைக்கும். நெஞ்செரிச்சல் மாத்திரையும் அப்படியே. நீங்கள் சைவமாகவும் இருந்தால் மூன்றாவது காரணமும் சேரும், ஏனென்றால் எந்தக் கீரையிலும் பி12 கிடையாது. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சியில்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் விஷயத்தில் சாளை மீனும் தயிரும் மட்டும் போதாமல் போகலாம், ஊசியோ மாத்திரையோ தேவையா என்பதை அளவு சொல்லும். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

தைராய்டையும் அதே ரத்தத்தில் பார்த்துவிடுங்கள். தூக்க மாத்திரை, சளிக்கும் அரிப்புக்கும் போடுகிற, தூக்கம் வரவைக்கும் மாத்திரை இவையும் வயதானவர்கள் நினைவை மழுங்கடிக்கும். காது சரியாகக் கேட்கிறதா? காதில் விழாத பேரை எப்படி நினைவு வைப்பது? குறட்டை விட்டு மூச்சு நின்று நின்று வருகிறதா என்று வீட்டம்மாவிடம் கேளுங்கள். இவையெல்லாம் சரியென்று வந்தபிறகு என்னிடம் வாருங்கள், மூலிகை பற்றிப் பேசுவோம். பழைய மாணவன் பேர் வாயில் வராமல் சாயங்காலம் குளிக்கும்போது வருகிறதென்றால், அது வயதின் வேலை, நோய் இல்லை. எனக்கும் அப்படித்தான்.

கேள்வி: பிராமி கிருதம் வீட்டில் எல்லோரும் சாப்பிடலாமா? எனக்கு வயது 50, கொலஸ்ட்ரால் 260.
— இல்லத்தரசி, மன்னார்குடி

பதில்: உங்களுக்கு வேண்டாம். நெய்யைப் பற்றிச் சரகர் எழுதிய வரியை நம் வைத்தியர்கள் பாதியில் நிறுத்திவிடுவார்கள். நினைவு, புத்தி, சீரண அக்கினி, ஓஜஸ் என்கிற உயிர்ச்சத்து எல்லாவற்றையும் நெய் வளர்க்கும் என்கிறார். அதே வரியில் கபத்தையும் கொழுப்பையும் வளர்க்கும் என்றும் சேர்த்தே சொல்கிறார். அந்தக் காலத்திலேயே எச்சரிக்கை அச்சடித்துக் கொடுத்த மருந்து அது.

பிராமி கிருதம் சரகரில் வருவதே வலிப்பு, சித்தப்பிரமைச் சிகிச்சையில்தான். பிராமிச் சாறு, வசம்பு, கோட்டம், சங்கபுஷ்பி, பழைய நெய். அது மருந்து, நெய்த்தோசைக்கு ஊற்றுவதற்கில்லை.

என் உருளியில் வருஷத்துக்கு இரண்டு தடவை காய்ச்சுவேன், அந்த நாளை நான் வேறு எதற்கும் கொடுப்பதில்லை. ஒரு பங்கு விழுது, நாலு பங்கு நெய், பதினாறு பங்கு சாறு. சின்னத் தீயில் சாறெல்லாம் சுண்டவேண்டும். காய்ச்சுவது எண்ணெய் என்றால் பாகம் வரும்போது நுரை பொங்கும், நெய் என்றால் நுரை அடங்கும், அதுதான் அடையாளம். அடியிலிருந்து கொஞ்சம் விழுதெடுத்துத் திரியாக உருட்டித் தீயில் காட்டினால், சடசடக்காமல் எரியவேண்டும். சடசடத்தால் உள்ளே ஈரம் மிச்சம், அந்த நெய் ஒரு மாதத்தில் பூசணம் பிடிக்கும். அவசரப்பட்டு இறக்கி ஒரு முழு உருளியை வாழைக்கடியில் கொட்டியிருக்கிறேன், மழைக்காலத்தில், எண்பத்தொன்பதோ தொண்ணூறோ. இப்படிப் பார்த்துப் பார்த்துக் காய்ச்சுகிற ஒன்றை யாருக்குக் கொடுப்பது என்று நாடி பார்த்துத்தான் கொடுப்பேன், அதுவும் ஒரு டீஸ்பூன். வீட்டுக்கு மொத்தமாக வாங்கி வைக்காதீர்கள்.

கேள்வி: தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். மறதிக்கும் மன அழுத்தத்துக்கும் அமுக்கரா சூரணம் எடுக்கலாமா? ஆபீசில் எல்லோரும் அஸ்வகந்தா கேப்சூல் போடுகிறார்கள்.
— வாசகி, சென்னை

பதில்: எல்லோரும் போடுவதுதான் பிரச்சினை. அமுக்கராவும் அஸ்வகந்தாவும் ஒன்றேதான். அது தைராய்டு சுரப்பைக் கூட்டக்கூடும், மாத்திரையோடு சேர்ந்தால் படபடப்பு, தூக்கமின்மை. கல்லீரல் பாதித்தவர்களும் உண்டு. டென்மார்க்கில் 2023-ல் உணவுப்பொருள்களில் அதற்குத் தடையே போட்டுவிட்டார்கள். நான் அந்த அளவுக்குப் போகமாட்டேன், எனக்குப் பிடித்த வேர் அது. ஆனால் உங்களுக்கு எழுதித் தரமாட்டேன். முதலில் டி.எஸ்.எச். என்கிற தைராய்டு ரத்தப் பரிசோதனை அளவு கட்டுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள், தைராய்டு குறைந்திருந்தாலே மறதி வரும்.

கேள்வி: பேரனுக்கு நாலு மாதம். வசம்பைச் சுட்டுத் தாய்ப்பாலில் உரசி நாக்கில் தடவினால் பேச்சும் புத்தியும் தெளியும் என்கிறேன். மருமகள் விடமாட்டேன் என்கிறாள்.
— ஒரு பாட்டி, புதுக்கோட்டை

பதில்: இந்தத் தடவை மருமகள் பக்கம்தான் நிற்கிறேன் ஆச்சி, கோபிக்காதீர்கள். ராத்திரியில் பேர்கூடச் சொல்லாமல் 'பேர் சொல்லா மருந்து' என்று மரியாதையாகக் கேட்டு வாங்கிய சரக்கு, பிள்ளை வளர்ப்பான் என்று பேர் வாங்கியது, எல்லாம் சரி. ஆனால் நம் நாட்டு வசம்பில் பீட்டா-அசரோன் என்றொரு பொருள் கூடுதல். விலங்குச் சோதனையில் கட்டிகளை உண்டாக்கியதால் அமெரிக்காவில் 1968-லேயே உணவில் வசம்பைத் தடை செய்துவிட்டார்கள். நாலு மாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் தவிர ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வேண்டாம். பேச்சு தெளிய ஒரு வழி இருக்கிறது. மடியில் போட்டுக்கொண்டு நாள் முழுக்க அவனோடு பேசுங்கள், அதில் உங்களை மருமகளால் ஜெயிக்க முடியாது.

கேள்வி: அம்மாவுக்கு 74. ஒரே கேள்வியைப் பத்துத் தடவை கேட்கிறாள். போன மாதம் தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்குப் போனவள் வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றாள். வளையலை வேலைக்காரி எடுத்துவிட்டாள் என்று சண்டை, பிறகு அது அரிசிப்பானையில் கிடந்தது. ஒரு சித்தப்பா வல்லாரை சூரணம் வாங்கிவந்தார், ஒரு அத்தை பாதாமை ஊறவைக்கச் சொன்னாள். எதைக் கொடுக்க?
— மகள், திருவாரூர்

பதில்: பாதாம் கொடுங்கள், கெடுதலில்லை. ஆனால் இது துவையலால் தீர்கிற மறதி இல்லை. சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது எல்லோருக்கும் உண்டு. நாற்பது வருஷம் நடந்த தெருவில் வழி தெரியாமல் நிற்பது வேறு. நம் நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு இந்த மறதிநோய் இருப்பதாக 2023-ல் வந்த கணக்கு. நீங்கள் தனியாக இல்லை. பக்கத்து மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் நரம்பியல் பிரிவுக்கோ மனநலப் பிரிவுக்கோ கூட்டிப் போங்கள். பி12, தைராய்டு, தலை ஸ்கேன் பார்ப்பார்கள். திருத்தக்கூடிய காரணம் ஏதாவது இருந்தால் அதில் தெரிந்துவிடும். அவர்கள் தரும் மாத்திரையை நிறுத்திவிட்டு எந்தச் சூரணமும் வேண்டாம், என்னுடையதும்கூட. முதியோர் உதவி எண் 14567, வழி கேட்டுப் பேசலாம்.

ஆயுர்வேதத்தில் நான் உங்களுக்குச் சொல்லக்கூடியது வேறு. ராத்திரி படுக்குமுன் உள்ளங்காலில் இளஞ்சூடாக நல்லெண்ணெய் தேய்த்துவிடுங்கள், பத்து நிமிஷம். பலருக்குத் தூக்கம் சீராகிறது, இருட்டியதும் வருகிற அந்தப் பதைப்பு அடங்குகிறது. தேய்த்து முடித்ததும் துணியால் துடைத்துவிடுங்கள். எண்ணெய்க் காலோடு எழுந்து பாத்ரூமுக்குப் போய் இடுப்பெலும்பை முறித்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். தட்டில் நாலு வகை வைத்தால் குழம்பிப்போவாள். ஒரு நேரத்துக்கு ஒன்று, கையால் எடுத்துத் தின்னக்கூடியதாக: இட்லி, இடியாப்பம், மசித்த வாழைப்பழம், நெய் ஊற்றிய பருப்புச்சாதம் உருண்டையாக. சாப்பிட்டதை மறந்து மறுபடி கேட்டால், 'இப்போதானே சாப்பிட்டாய்' என்று சொல்லாதீர்கள். ஒரு வாய் குறைத்துவைத்திருந்து அதைக் கொடுங்கள். வளையல் சண்டையில் நியாயம் பேசாதீர்கள், சேர்ந்து தேடுங்கள். வேலைக்காரப் பெண்ணிடம் முன்னாலேயே சொல்லி வையுங்கள், பாவம்.

வல்லாரை வாங்குகிற அன்றைக்கு அம்மாவிடம் ஆயக் கொடுங்கள். பேர் போனாலும், தேதி போனாலும், கை செய்து பழகியது கடைசிவரை கொஞ்சம் நிற்கும். காம்போடு சில இலை கிடந்தால் சொல்லாமல் நீங்களே எடுத்துவிட்டுச் சமைத்துவிடுங்கள். உங்கள் தூக்கம் எப்படியிருக்கிறது என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அடுத்ததில் எழுதுங்கள்.

கேள்வி: அடுக்குமாடி பால்கனியில் வல்லாரை வளருமா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நன்றாக வளரும். சந்தையில் வேரோடு கிடைக்கிற தண்டு இரண்டு போதும், கணுவில் வேர்விட்டுப் படரும். அகலமான தொட்டி, வண்டல் மண், காலை வெயில் மட்டும். மண் காயக்கூடாது, ஊறிக் கிடக்கவும் வேண்டாம். இலை காசு அளவுக்கு வந்ததும் காம்போடு கிள்ளுங்கள், தண்டை இழுக்காதீர்கள். தட்டில் தேங்குகிற தண்ணீரை ஒன்றுவிட்டொருநாள் கொட்டிவிடுங்கள். டெங்குக் கொசு வல்லாரைக்கெல்லாம் பயப்படாது.